வீட்டுத் தொட்டியில் லில்லி: ஒரு கிழங்கு பலவாகும் விதம்

ஜூன் மாதத்தில் ஐதராபாத்துக்குப் பருவமழை வருகிறது. இரண்டு நாள் நன்றாக நனைந்தால் போதும். அதுவரை வெங்காயத் தாள் போலச் சும்மா கிடந்த தொட்டியில், நான்கைந்து நாளில் பூக்கள் நிமிர்ந்து நிற்கும். ஒரு தொட்டியில் வெள்ளை, ஒன்றில் இளஞ்சிவப்பு, இன்னொன்றில் மஞ்சள். பத்மராவ் நகர், மாரட்பள்ளி, மல்காஜ்கிரி பக்கத்து வீட்டு வாசல்களிலும், ரயில்வே குடியிருப்புகளிலும் இந்தப் பூவைப் பலரும் பார்த்திருப்பார்கள். மழை லில்லி என்பது இதன் பெயர்.

இதைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு கைப்பிடி கிழங்கைப் பிடுங்கிக் கொடுத்திருப்பார். அது ஒரு தொட்டியாகி, பிறகு மூன்று தொட்டியாகி, மாடிப்படி ஓரம் முழுவதும் நிறைந்திருக்கும்.

அதே ஊரில், படம் போட்ட பொட்டலத்தில் லில்லிக் கிழங்கு என்று விலை கொடுத்து வாங்கி வந்தவர்களும் உண்டு. முதல் ஆண்டு கை அகலப் பூ பூக்கும். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மறு ஆண்டு தொட்டியைக் கிளறினால் அழுகிய தோல்தான் மிஞ்சியிருக்கும். “என் கைக்கு ராசியில்லை” என்று சொல்லிக்கொள்வார்கள்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒன்று ஏன் பெருகுகிறது, மற்றொன்று ஏன் அழிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிச்சமாகும், தொட்டியும் நிறையும்.

பெயரில் மட்டும் லில்லி

நாம் லில்லி என்று அழைக்கும் செடிகளில் பெரும்பாலானவை அசல் லில்லி அல்ல. மழை லில்லி, சிலந்தி லில்லி, மே மாதத்தில் பந்து போலச் சிவப்பாகப் பூக்கும் ‘புட்பால்’ லில்லி, பெரிய புனல் போன்ற அமரில்லிஸ் ஆகியவை எல்லாம் வேறு ஒரு குடும்பம். அவை தென் அமெரிக்கா, மெக்சிகோ, மேற்கிந்தியத் தீவுகள், ஆப்பிரிக்கா போன்ற வெப்ப நாடுகளிலிருந்து வந்தவை. நம் வெயில் அவற்றுக்குப் பழக்கமானது.

அசல் லில்லி என்பது லிலியம் என்ற இனம். சீனா, ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்கா ஆகிய குளிர் நாடுகள் அதன் பிறப்பிடம். தென்னிந்தியாவுக்கும் ஒன்று சொந்தமாக உண்டு. நீலகிரி, பழனி மலைகளின் புல்வெளிச் சரிவுகளில் வெள்ளை எக்காளம் போலப் பூக்கும் நீலகிரி லில்லிதான் அது. அதுவும் உயர்ந்த மலைக் குளிரில்தான் வாழ்கிறது. சமவெளிக்கு இறங்கி வருவதில்லை.

இலைக் கணுவில் கருமணிகள்

அசல் லில்லிகளில் சிலவற்றுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ‘டைகர்’ லில்லி என்ற புலி லில்லியை எடுத்துக்கொள்வோம். ஆரஞ்சு நிற இதழ், அதன்மேல் கரும்புள்ளிகள். இதன் தண்டில் ஒவ்வோர் இலையும் புறப்படும் கணுவில், மிளகை விடச் சற்றுப் பெரிதாக, கருநிறத்தில் பளபளப்பான மணி ஒன்று உட்கார்ந்திருக்கும். அது விதை அல்ல, காயும் அல்ல. தாய்ச் செடியின் குட்டிக் கிழங்கு அது. மண்ணுக்குள் பிறக்க வேண்டியது, தண்டின்மேல் பிறந்திருக்கிறது. இதைக் கணுக் கிழங்கு எனலாம்.

புலி லில்லியில் பெரும்பாலானவை விதை வைக்காதவை. செல்லில் இருக்க வேண்டிய இரண்டு தொகுதி மரபுத் திரிகளுக்குப் பதிலாக மூன்று தொகுதி இருப்பதால் விதை உருவாவதில்லை. வாழைப்பழத்தில் கொட்டை இல்லாததற்கும் இதுவே முக்கிய காரணம். வாழை பக்கக் கன்று விட்டுப் பிழைக்கிறது. புலி லில்லி கணுக் கிழங்கு உதிர்த்துப் பிழைக்கிறது.

இது எவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதற்குச் சரித்திரச் சான்று உண்டு. 1804-ல் வில்லியம் கெர் என்பவர் சீனாவின் கான்டன் நகரிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் புலி லில்லிக் கிழங்குகளை அனுப்பினார். 1812-க்குள், எட்டே ஆண்டுகளில், கியூ தோட்டம் 10,000-க்கும் மேற்பட்ட கிழங்குகளை வெளியே வினியோகித்துவிட்டது.

வளர்க்கும் முறை எளியது. பூ முடிந்தபின், மணிகள் தொட்டாலே கழன்று வரும் பக்குவத்துக்கு வரும். சிலவற்றில் அப்போதே சிறு வேர் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைச் சேகரித்து, மணலும் மக்கிய இலை உரமும் கலந்த தட்டில் ஒரு விரற்கடை ஆழத்தில் பதிக்க வேண்டும். முதல் ஆண்டு ஓரிரு இலைகள்தான் வரும். பூ வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பூ மொட்டுகளை முளையிலேயே கிள்ளிவிட்டால் செடியின் சக்தி கணுக்களுக்குப் போய் மணிகள் கூடுதலாகும்.

இதில் ஓர் எச்சரிக்கை. கணுக் கிழங்கு தாயின் அச்சு நகல். தாய்க்கு வைரஸ் நோய் இருந்தால் பிள்ளைக்கும் வரும். புலி லில்லி நோயை வெளியே காட்டாமல் சுமக்கும் செடி. அதனால் மற்ற லில்லிகளுக்கு அருகில் அதை வைப்பதில்லை.

ஐதராபாத்தில் ஏன் நிலைப்பதில்லை?

அசல் லில்லி பூக்க வேண்டுமானால், அதன் கிழங்கு சில வாரங்கள் கடும் குளிரில் உறங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் காய்கறி வைக்கும் அளவுக் குளிர் அது. ஐதராபாத் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் போர்வை தேவைப்படுகிறது. ஆனால் நமக்குக் குளிர்வது லில்லிக்குப் போதாது. பிறகு மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தொட்டி மண் கொதிக்கிறது. கிழங்கு வெந்துபோகிறது.

அப்படியானால் பொட்டலத்தில் வந்த கிழங்கு முதல் ஆண்டு எப்படிப் பூத்தது? விற்பனைக்கு அனுப்பும் முன்பே அதைக் குளிர் அறையில் வைத்துப் பக்குவப்படுத்தியிருப்பார்கள்.  நாம் செய்வது தண்ணீர் ஊற்றுவது மட்டுமே. அடுத்த ஆண்டுக்கு வேண்டிய குளிரை நம்மால் தர முடிவதில்லை. பூக்கடைகளில் பூச்செண்டுக்கு விற்கும் லில்லிகளும் குளிர்ந்த மலைப்பகுதிகளிலோ, வெப்பம் கட்டுப்படுத்திய குடில்களிலோ வளர்ந்தவைதான்.

ஆகவே, ஒரு பருவத்து ஆசைக்கு வாங்குவதானால் வாங்கலாம். பெருக்கி வளர்க்கலாம் என்று கணக்குப் போட்டுச் சம்பளப் பணத்தைப் போட வேண்டாம்.

ரயில் பாதை ஓரத்து உறவினர்

கணுவில் குட்டி போடும் வித்தை குளிர் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. நம் தக்காணப் பீடபூமியிலேயே அதைப் பார்க்கலாம். ரயில் பாதை ஓரங்களிலும் வயல் வரப்புகளிலும் வேலியாக வைத்த கற்றாழை வகைகளில் நார்க் கற்றாழை ஒன்று. அது பல ஆண்டுகள் காத்திருந்து, வாழ்நாளில் ஒரே ஒரு முறை விளக்குக் கம்பம் போலப் பூத்தண்டு விடும். பூக்கள் உதிர்ந்த இடங்களில் சின்னஞ்சிறு செடிகள் நூற்றுக்கணக்கில் முளைத்து, இலையும் வேர் முளையுமாகத் தரையில் விழும். தாய்ச் செடி காய்ந்து போகும். அந்தக் குட்டிகளை எடுத்து நாற்றங்காலில் வளர்த்துத்தான் நார்க் கற்றாழைத் தோட்டம் போடுகிறார்கள்.

இந்தக் கற்றாழைக்கு ஒரு நெருங்கிய உறவு நம் பூக்கடையிலேயே இருக்கிறது. அதுதான் நிலச்சம்பங்கி. அதன் வேர்க் கிழங்கையும் பூவையும் பழையபடி தனி இனமாக வைத்திருந்த தாவரவியலார், இப்போது அதைக் கற்றாழையின் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

நான்கு மொழியில் ஒரு மணம்

தமிழில் நிலச்சம்பங்கி. தெலுங்கில் நேல சம்பெங்கி. இந்தியில் ரஜனிகந்தா. பழைய நகரத்து உருது பேசுவோரிடம் குல்ஷப்போ. இரவில் மணம் கூடும் என்பதைத்தான் கடைசி இரண்டு பெயர்களும் சொல்லுகின்றன. மெக்சிகோவிலிருந்து வந்த செடி இந்த நான்கு மொழிக்காரர்களுக்கும் சொந்தமாகிவிட்டது. மெஹதிபட்டினத்தை அடுத்த குடிமல்காபூர் பூ மார்க்கெட்டில் இது மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. பூ ஆராய்ச்சிப் பட்டியல்களில் ‘ஐதராபாத் சிங்கிள்’, ‘ஐதராபாத் டபுள்’ என்று இந்த ஊரின் பெயரிலேயே இரண்டு ரகங்கள் உண்டு.

ஓரடுக்குப் பூ உதிரியாகவும் மாலைக்கும் ஏற்றது, மணம் அதிகம். பல அடுக்குப் பூ தண்டோடு வெட்டி ஜாடியில் வைக்க ஏற்றது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சிருங்கார், சுவாசினி, பிரஜ்வல், வைபவ் முதலிய ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வேரில் முடிச்சு விழச் செய்யும் நூற்புழுவைச் சிருங்கார் ஓரளவு தாங்கும்.

சம்பங்கி வைத்தவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான். “முதல் வருஷம் பூத்தது, பிறகு வெறும் இலைதான்.” காரணம் இதுதான். சம்பங்கியில் ஒரு கிழங்கு ஒரே முறைதான் பூக்கும். பூத்ததும் அதைச் சுற்றிப் பல குட்டிகள் கிளம்பும். எல்லாம் ஒரே தொட்டியில் நெருக்கியடித்தால் எதுவும் பருக்காது. பருக்காத கிழங்கு பூக்காது.

செய்ய வேண்டியது இது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, இலைகள் மஞ்சளாகும் காலத்தில் தண்ணீரை நிறுத்தி, கொத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். மண்ணை உதறி, நிழலில் ஒரு மாதம் காய வைக்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை விடச் சிறியதாகவும் சுண்டைக்காயை விட நன்கு பெரியதாகவும் உள்ள கெட்டியான கிழங்குகளைத் தனியே பிரித்து, ஜூன், ஜூலையில் ஊன்றினால் மூன்று நான்கு மாதத்தில் பூத்தண்டு வரும். சிறியவற்றை வேறு தொட்டியில் நெருக்கமாக ஊன்றி ஓராண்டு வளர்த்தால் அவை அடுத்த ஆண்டுக்குத் தயாராகும். வேப்பம் பிண்ணாக்கு ஒரு பிடி கலந்தால் நூற்புழுத் தொல்லை குறையும்.

மழை லில்லியின் கணக்கு

மழை லில்லிக்கு இவ்வளவு பக்குவமும் வேண்டாம். ஒரு கிழங்கு ஆண்டுக்கு மூன்று குட்டி ஈனுகிறது என்று வைத்துக்கொண்டாலே, ஒன்று 4 ஆகும். இரண்டாம் ஆண்டில் 16. மூன்றாம் ஆண்டில் 64. தொட்டி வெடிக்கும் அளவு நெருங்கியபின் பிரித்தால் போதும். அகன்ற, ஆழம் குறைந்த தொட்டி நல்லது. பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியில் துளை போட்டாலும் ஆகும்.

மஞ்சள் மழை லில்லி தாராளமாக விதையும் வைக்கும். கருப்பாக, காகிதத் துண்டு போல மெல்லியதாக இருக்கும் விதையைக் காய் வெடித்த உடனே விதைக்க வேண்டும். நாள் பட்டால் முளைக்காது.

மழை இல்லாத மாதத்திலும் இதைப் பூக்க வைக்கும் தந்திரம் உண்டு. மூன்று நான்கு வாரம் தண்ணீர் காட்டாமல் வாடப் போட்டு, பிறகு ஒருநாள் தொட்டி முழுகும்படி ஊற்றினால் செடி அதை மழை என்று நம்பிப் பூக்கும். குழாயில் தினமும் தண்ணீர் வராத பகுதிகளில் இருப்போருக்கு இதைவிடத் தோதான செடி இல்லை.

பந்து லில்லிக்கு இதற்கு நேர்மாறான நிதானம் வேண்டும். மே மாதத்தில் பூத்து, மழைக்காலம் முழுவதும் இலை விட்டு, குளிர்காலத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடும். செத்துவிட்டது என்று எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடக் கூடாது. தண்ணீரை நிறுத்தி, ஓர் ஓரமாக வைத்துவிட வேண்டும். இதன் குட்டி மெதுவாகத்தான் வரும்.

அமரில்லிஸ் குட்டி விடத் தாமதித்தால் கத்தியைக் கையில் எடுக்கலாம். நன்கு பருத்த கிழங்கை, ஆரஞ்சுப் பழத்தைச் சுளை பிரிப்பது போல மேலிருந்து கீழாக எட்டுத் துண்டாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வேர் கிளம்பும் அடித்தட்டின் ஒரு பகுதி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாத துண்டு வீண். வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லித் தூள் தடவி, ஈர மணலில் பாதி அளவு புதைத்து நிழலில் வைத்தால் சில வாரங்களில் மடிப்புகளுக்கிடையே பட்டாணி அளவில் குட்டிகள் தோன்றும். பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதால், இருக்கும் ஒரே கிழங்கை யாரும் வெட்ட வேண்டாம்.

எல்லாக் கிழங்குக்கும் பொதுவான விதி ஒன்று. தண்ணீர் தேங்கக் கூடாது. ஐதராபாத்தின் சில பகுதிகளில் கிடைக்கும் கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதைத் தனியே போடாமல் செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்புவது நல்லது.

வெங்காயம் அல்ல, விஷம்

இதைப் படிக்கிற ஒவ்வொரு குடும்பமும் மனத்தில் இருத்த வேண்டிய பகுதி இது. மழை லில்லி, அமரில்லிஸ், சிலந்தி லில்லி ஆகியவற்றின் கிழங்குகள் பார்வைக்குச் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். தெலங்கானாவில் வெங்காயத்துக்கு ‘உல்லிகட்ட’ என்று பெயர். ‘கட்ட’ என்றால் கிழங்கு. பெயரிலும் உருவத்திலும் இரண்டும் நெருக்கம். ஆனால் இந்தக் கிழங்குகளில் லைகோரின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஒற்றை அறை வீட்டில், காய வைத்த கிழங்கும் சமையல் கூடையும் ஒரே மூலையில் இருப்பது சகஜம். அது கூடாது. கிழங்கைத் துணிப்பையில் போட்டு, பெயர் எழுதி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும்.

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளும் ஆங்கிலத்தில் லில்லி என்றே பெயர் பெற்றது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் முதலில் நிற்பது இதுதான். ஊர் நினைவாக வளர்க்க விரும்புவோர் இருக்கலாம். மருந்துக்காக ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் இதைக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பயிரிடுகிறார்கள். கலப்பை போல வளைந்த கிழங்கின் முனையில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் கிழங்கு பயனற்றது. ஆனால் இதிலுள்ள கோல்ச்சிசின் உயிரைக் குடிக்கும் நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

அசல் லில்லி வளர்ப்பவர்கள் பூனை வளர்க்கக் கூடாது. அதன் இலையோ மகரந்தமோ சிறிது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

மாற்றல் வந்தாலும் கூடவே வரும்

வாடகை வீட்டில் மாமரம் வைக்க முடியாது. மல்லிகைக் கொடி படர்ந்த நேரத்தில் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லுவார். மாற்றல் உத்தரவு வந்தால் தொட்டிகளை லாரியில் ஏற்ற இடம் இருக்காது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்குத் தோட்டம் என்பது பெரும்பாலும் விட்டுவிட்டுப் போகும் பொருள்தான்.

கிழங்குச் செடி மட்டும் இதற்கு விலக்கு. உறங்கும் காலத்தில் அதற்கு மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். ஒரு காகிதப் பையில் சம்பங்கிக் கிழங்கை மடித்துப் பெட்டியில் வைத்தால் செகந்திராபாத்திலிருந்து நாக்பூருக்கும் போகும், திருச்சிக்கும் போகும். போன இடத்தில் ஒரு பழைய தகர டப்பா கிடைத்தால் மறுபடி முளைக்கும். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டி வைக்கக் கூடாது, வேர்த்து அழுகிவிடும்.

இந்த மழைக்கு முன் தொடங்க விரும்புவோர் செலவு செய்யத் தேவையில்லை. பூத்திருக்கும் தொட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்து, கொத்தைப் பிரிக்கும்போது நான்கு கிழங்கு கேட்டு வாங்கினால் போதும். நெருக்கடியில் இருக்கும் தொட்டிக்கு அது உபகாரமே தவிர நஷ்டம் அல்ல. மூன்றாம் ஆண்டில் நீங்களே மற்றவருக்குக் கொடுக்கும் நிலையில் இருப்பீர்கள்.